கணக்கில் வராத நாட்கள்

எனக்குக் கோபம் வர ஊசியெல்லாம் தேவையில்லை. பிறந்ததிலிருந்தே அது மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கல்லீரலுக்காக அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட வருஷம், என் கோபத்துக்கு வீட்டில் ஒரு மரியாதையே கிடைத்தது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

இருபது வயதில் லாரி இடித்து எனக்கு இரத்தம் ஏற்றினார்கள். அதோடு ஹெபடைட்டிஸ் சி கிருமியும் ஏறிக்கொண்டு, முப்பது வருஷம் மூச்சுக் காட்டாமல் உள்ளே குடியிருந்திருக்கிறது. கண்டுபிடித்தபோது கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது. இப்போதெல்லாம் மூன்று மாதம் மாத்திரை விழுங்கினால் முடிந்துவிடுகிறதாம். அப்போது வாரம் ஒரு ஊசி, காலையும் இரவும் மாத்திரை. மொத்தம் நாற்பத்தெட்டு வாரம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியை ஏற்றுவாள். கொஞ்ச நேரத்தில் குளிர் தூக்கிப் போடும். மறுநாள் யாரோ கட்டையால் அடித்துப் போட்டதுபோல் உடம்பெல்லாம் வலிக்கும். எதைத் தின்றாலும் ஆணியைச் சப்பிய ருசி. எங்கள் சோபாப் பட்டறையில் ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டுதான் அடிப்போம், அதனால் அந்த ருசி எனக்குப் புதிதில்லை. தலைமுடி சீப்போடு வந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதெல்லாம்கூடப் போகட்டும், இந்த மனசு இருக்கிறதே, அதுதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒன்றுமில்லாததற்குக் கத்துவேன், ஒன்றுமில்லாததற்கு அழுவேன்.

இதெல்லாம் மருந்து செய்கிற வேலை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நர்ஸ் என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். என் மனைவியோ எதைச் சொன்னாலும் சட்டமாக்கிவிடுகிறவள். வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலைவரை நான் என்ன பேசினாலும் கணக்கில் வராது என்று வீட்டிலும் பட்டறையிலும் அறிவித்துவிட்டாள். நான் வாயைத் திறந்தாலே, “ஊசி பேசுது” என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் அதில் உள்ள சௌகரியம் பிடிபட்டது. வருஷக்கணக்காக என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தே ஸ்பிரிங்கை அமுக்கிய மைத்துனனிடம், அதைச் சனிக்கிழமையாகப் பார்த்துச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு எனக்குக் குடிக்க வெந்நீர் கொண்டுவந்தான். இப்படி ஐந்தாறு பேரைப் பதம் பார்த்திருப்பேன்.

என் தம்பியைத்தான் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கக் கூடாது. என்னைவிட ஏழு வயது சின்னவன். அப்பா வைத்துவிட்டுப் போன பட்டறையில் மரமும் ஸ்பிரிங்கும் என் வேலை, வெட்டுவதும் தைப்பதும் அவன் வேலை. ரயில் பெட்டிக்கு இருக்கை செய்கிற வெளியூர் ஃபேக்டரி ஒன்றில் அவனைத் தலைமைத் தையல்காரனாகக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணனுக்கு உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டு, என் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தான். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

முப்பதாவது வாரம் போல, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் நாலு நாற்காலிகளுக்கு வெல்வெட் போடக் கொடுத்திருந்தார். படுத்தே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நானே உட்கார்ந்து போட்டேன். வெல்வெட்டின் ரோமம் எல்லா நாற்காலியிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் நிறமே வேறுமாதிரி தெரியும். கற்றுக்குட்டிகூட அதில் தவறமாட்டான். ஒரு வியாழக்கிழமை பட்டறைக்குப் போனேன். நான் போட்ட ஒரு நாற்காலியின் துணி மூலையில் உரிந்து கிடக்க, தம்பி அந்த நாற்காலியில் புதுத் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கேட்டேன். ரோமம் தலைகீழாகப் போயிருந்தது, உன்னை எழுப்ப வேண்டாம் என்று நானே மாற்றுகிறேன், டீச்சருக்குத் தெரியாது என்றான்.

முப்பது வருஷத் தொழில்காரனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? என்னிடம் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுத் திருத்தியிருப்பேன். எனக்குத் தெரியாமல் மூடி மறைத்தான் பாருங்கள், அந்தப் பரிவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவன் பழக்க தோஷத்தில், “சரிண்ணா, ஊசி பேசுது” என்று சிரித்தான்.

“இன்னிக்கு வியாழக்கிழமைடா” என்றேன். “நல்லா கேட்டுக்கோ. அப்பா சாகும்போது என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? சின்னவனுக்குத் தொழில் வராது, அவனை நம்பிப் பட்டறையை விட்றாதேன்னார். பாவம் பாத்து நான்தான் உன்னை வச்சிருக்கேன்.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது நேர் எதிர். “தொழில் சின்னவன் கையிலதான் இருக்கு. அவனைக் கேட்டுச் செய்.” பதினைந்து வருஷமாக அதை அவனிடம் சொல்லாமல் நெஞ்சில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். சொல்லாதது ஒரு பாவம். அதைத் திருப்பிப் போட்டு அவன் தலையில் அடித்தேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. ஃபேக்டரிக்குச் சம்மதம் சொல்லிவிட்டான், திங்கட்கிழமை கிளம்புகிறான் என்று மனைவி சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் விடைபெற வந்தான். எனக்குக் காய்ச்சல், போர்வைக்குள் உதறிக்கொண்டு கிடந்தேன். அவனைக் கண்டதும் உடைந்துவிட்டேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா நிஜமாகச் சொன்னது இதுதான், நான் பொய் சொன்னேன், பொறாமைக்காரப் பாவி நான், என்னை மன்னித்துவிடு என்று மூக்கு ஒழுக அழுதேன். வாழ்க்கையில் நான் ஒளிவுமறைவு இல்லாமல் பேசியது அந்த ஒரு நாள்தான்.

அவன் என் நெற்றியைத் துடைத்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் திரும்பி என் மனைவியிடம், “ஊசி ரொம்பப் படுத்துது அண்ணி, பாத்துக்கோங்க” என்றான். நான் இல்லைடா இல்லைடா என்கிறேன், அவள் சரி சரி என்று போர்வையை இழுத்து மூடுகிறாள். வியாழக்கிழமைப் பொய் கணக்கில் ஏறிவிட்டது, சனிக்கிழமை உண்மையை யாரும் சீந்தவில்லை.

நாற்பத்தெட்டு வாரமும் முடிந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்த சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. முடி முளைத்தது, சாப்பாடு ருசித்தது, தூக்கம் வந்தது. தம்பிக்கு ஃபோன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நினைத்த கையோடு, சின்னவனிடம் போய் நானா இறங்குவது என்று ஒரு முறுக்கு வரும். நோயோடு சேர்ந்து அழுகையும் போய்விட்டது. மிச்சமிருந்தது பழைய நான்தான்.

அவனுடைய தையல் மெஷினை எடுத்துப்போக அவன் வந்த அன்று, வேறொரு நாற்காலியோடு டீச்சர் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். போன தடவை போட்ட வெல்வெட்டைப் பார்க்காத சொந்தக்காரர் இல்லையாம், என் கைக்குத் தங்கக் காப்பு போடலாமாம். நான் மறுக்கவில்லை. தம்பி அதைக் கேட்டுக்கொண்டே மெஷினின் கால்களைக் கழற்றினான். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணா, நான் கிளம்புறதுக்கு முன்னாடி, அப்பாவைப் பத்தி ஒண்ணு சொல்லி அழுதியே. அது நிஜமா?”

அத்தனை மாதமாக அவனும் அதை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். டீச்சர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னேன்?” என்றேன். “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடா. ஊசி போட்ட மயக்கத்துல என்னென்னவோ உளறியிருப்பேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றான்.

மெஷினின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கத்தை நான் பிடித்தேன். வாசலில் நின்ற வண்டியில் இருவருமாக ஏற்றினோம். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவன் முன்னால் ஏறிக்கொண்டான். வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். அப்புறம் உள்ளே வந்து, இந்த நாற்காலிக்கு எந்த நிறம் வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டேன்.