கில்பர்ட் ஏலம் விட்ட முட்டை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை, பிரியாணிக்காகப் போன இடத்தில் கிடைத்தது. மர்பி டவுன் பக்கம் ஒரு தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்தால் ஏலம், ஏலம் முடிந்தால்தான் சாப்பாடு. சேவல், பூசணிக்காய், வாழைத்தார் என்று சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததைச் சபையாரே ஏலத்தில் எடுப்பார்கள். கடைசியில் ஒரு முட்டை வரும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், மறுபடி ஏலம். அதுதான் வழக்கம்.

பசியோடு உட்கார்ந்திருப்பவனுக்குக் கதையா தோன்றும்? தோன்றிவிட்டது, என்ன செய்ய.

2

முதல் தொடக்கம்: "பார்க்கின்சன் என்பது மூளையில் டோபமின் குறைவதால்—"

(வேண்டாம். இதை டாக்டரே கில்பர்ட்டின் மகள் லவினாவிடம் சொல்லியாயிற்று. அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கீழே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து அழுதாள்.)

இரண்டாவது: "கில்பர்ட்டின் விரல்கள், காற்றில் ஆடும் இலைகளைப்போல்—"

(ஐயோ சாமி. அடித்துவிட்டேன்.)

சரி, நேராகவே வருகிறேன். லவினா பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் அப்பா கில்பர்ட்தான் அந்தச் சபையின் ஏலக்காரர். மைக் இல்லாமலே குரல் ஆட்டோ ஸ்டாண்டு வரை போகும். போன வருஷம்கூட அப்படித்தான். இந்த வருஷம் பக்கத்து அறையிலிருந்து தண்ணீர் கேட்டால் மகளுக்குக் கேட்பதில்லை. ஒரே வருஷத்தில் நடை போயிற்று, கையெழுத்து போயிற்று, சட்டைக்குப் பட்டன் போட வராது. பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் நின்றுவிடும். வைட்ஃபீல்ட் ஆபீஸில் மீட்டிங் ஓடும்போதும் லவினாவின் மனசு வீட்டில்தான்.

3

லவினாவை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அப்பாவைக் கேட்காமலே கமிட்டிச் செயலர் கிளெமென்ட்டிடம் போய், இந்த வருஷம் ஏலத்தை நீங்களே நடத்துங்கள் என்று சொல்லிவிட்டாள். பிறகுதான் புரிந்தது. வாய் பிளந்து அவரைப் பார்த்த சபை, இப்போது பாவம் பார்ப்பதை அவளால் தாங்க முடியாது. [இதை இன்னும் அழகாக— வேண்டாம், இதுதான் விஷயம்.]

விஷயம் தெரிந்து கில்பர்ட் சண்டை போடவில்லை. வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மகள் முன்னால் வந்து நின்றார்.

"பட்டன் போட்டு வுடு. மைக் இருக்கில்ல, போதும்."

"நடுவுல பேச்சு நின்னுட்டா டாடி?"

"நின்னா நிக்கட்டும். நீ மட்டும் எழுந்து வராத."

4

மற்றதையெல்லாம் கிளெமென்ட் விற்றார். முட்டையைக் கில்பர்ட்டிடம் கொடுத்தார்கள். கை ஆடுகிறது, முட்டையும் ஆடுகிறது. மைக்கிலும் குரல் மெல்லிசு. அதைக் கேட்பதற்காகவே கூட்டம் வாயை மூடியது. பிரசங்கத்துக்குக்கூட அப்படி மூடவில்லை.

"ஐநூறு ஒரு தரம். ஐநூறு ரெண்டு தரம்…"

நின்றுவிட்டது. உதடு அசைகிறது, சொல் வரவில்லை. லவினா பாதி எழுந்துவிட்டாள்.

(அவள் ஓடிப்போய் மைக்கை வாங்குவதாக ஒரு வரைவு எழுதினேன். கிழித்துப் போட்டேன். வராதே என்று சொல்லியிருக்கிறாரே மனுஷன்.)

யாரோ ஏற்றுவார்கள் என்று காத்திருக்கிறார்போலும் என நினைத்துக்கொண்டார் பின்வரிசை ராஜேந்திரன். எழுநூறு என்றார். விடுவாரா பவுலின் டீச்சர்? ஆயிரம். கில்பர்ட் முதலிலிருந்து தொடங்கினார். ரெண்டு தரத்தில் மறுபடி நின்றது. மறுபடி ஏறியது.

அடுத்த முறை நின்றபோது லவினா அவர் முகத்தைப் பார்த்தாள். நோய் இறுக்கிய முகம், சிரிப்பு ஏறாது. கண் மட்டும் அவளைத் தேடிப் பிடித்தது. அதில் பழைய கள்ளத்தனம் அப்படியே இருந்தது. வேண்டுமென்றே நிறுத்துகிறார்!* லவினா உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வருஷம் முழுக்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"மூணு தரம்" என்றார் கில்பர்ட், தெளிவாக. அந்தச் சபையில் எந்த முட்டையும் அந்த விலைக்குப் போனதில்லையாம். கைதட்டலில் என் பசிகூட மறந்துபோயிற்று. முட்டையை எடுத்த பவுலின் டீச்சர் வழக்கப்படி அதை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

* பிறகு அவரிடமே கேட்டேன். "ஸ்வல்ப கஷ்டம், ஸ்வல்ப ஆக்டிங்" என்றார், கன்னடத்தில். கொஞ்சம் கஷ்டம், கொஞ்சம் நடிப்பு.

5

முடிவு? அடுத்த பண்டிகையை எழுதச் சொன்னார் நண்பர் ஒருவர். மாட்டேன். நோய் நிற்கப்போவதில்லை என்று லவினாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னொரு முறை "மூணு தரம்" என்று நான் எழுதிவிட்டால் அவர் மேடையைவிட்டு இறங்க வேண்டும். அது என் கையால் நடக்காது.

பிரியாணி ஆறினால் ஆறட்டும். முட்டை உடையாமல் இருக்கிறது, வழக்கப்படி மறுபடி ஏலம். கில்பர்ட்டின் கண் ஒவ்வொரு வரிசையாகத் தாண்டி இப்போது உங்களிடம் வந்து நிற்கிறது. விலையை ஏற்றுகிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா?

"ரெண்டு தரம்…"