அழித்த கேள்விக்குறி

தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அக்காவுக்குக் குரல் இல்லை. அவள் கீபோர்டில் தட்டுவதை ஒரு சின்னக் கணினிப் பலகை பேசிக் காட்டும். சுவிட்சைப் போட்டால் அது எழுந்திருக்கவே இரண்டு நிமிடம் ஆகும். மறுநாள் பத்து மணிக்கு அவள் பழைய பள்ளிக்குப் போய், மறுபடி பாடம் எடுக்க முடியும் என்று தலைமையாசிரியருக்குக் காட்ட வேண்டும். அதற்குள் பலகையை வேகமாக்கித் தருகிறேன் என்று நான்தான் வாயை விட்டேன்.

தேவையில்லாத டிரைவர்களை, அதாவது சாதனங்களை இயக்கும் சின்ன நிரல்களை, நீக்கினால் சீக்கிரம் எழும் என்று மாலை வகுப்பில் படித்திருந்தேன். பலகையை வகுப்புக்கே கொண்டுபோய், அதன் அமைப்புகளை வரிவரியாக நோட்டில் எழுதினேன். வேண்டும் என்றால் டிக், வேண்டாம் என்றால் கோடு, சந்தேகம் என்றால் கேள்விக்குறி. யூஎஸ்பி துளைக்குப் பொதுவான டிரைவர்கள் இரண்டு இருந்தன: ஒன்று வேகமானது, மற்றது பழையது, மெதுவானது. பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள்; பழையதற்கும் ஒன்று போட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் பகலில் லாரி ஓட்டுபவர். எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை கொக்கியில் ஒரு வீட்டுத் துணியையே மாட்டலாம் என்றார். வெட்கமாகிவிட்டது. பழையதன் கேள்விக்குறியை அழித்துவிட்டுக் கோடு போட்டேன், அந்த டிரைவரை நீக்கினேன். துளையில் பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன், வேலை செய்தது.

வீட்டில் பலகை இருபது நொடியில் எழுந்தது. அக்கா தட்டினாள். ஒரு சத்தமும் இல்லை.

"நல்லா இருந்ததை ஏன்டா நோண்டின?" என்றாள் அம்மா.

அக்கா தாளில் எழுதிக் காட்டினாள்: "டாக்டர் ஒரு குரலை எடுத்தாரு, மிச்சம் இருந்ததை நீ அடைச்சுட்ட."

நோட்டில் அழித்த கேள்விக்குறியின் பென்சில் தடம் இன்னும் தெரிந்தது. வகுப்பில் முதல் வரியோடு நிறுத்தியிருந்த பழைய டிரைவரின் விளக்கத்தை இப்போது முழுக்கப் படித்தேன். பென் டிரைவுக்கு வேகமான டிரைவரே போதும். கீபோர்ட் மெதுவான சாதனம். அதே துளையில் செருகினாலும் அதைக் கவனிப்பது பழைய டிரைவர்தான். அதைத்தான் நான் வேலையைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

பழைய அமைப்பு இன்னொரு மெமரி கார்டில் பத்திரமாக இருந்தது. அதையே போட்டுத் தரட்டுமா, அந்த டிரைவரைச் சேர்த்துத் திருத்திய புதியதை நம்புகிறாயா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் எழுதினாள்: "புதுசைப் போடு. பழசை என் பையில வை."

காலையில் எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகே பலகையைக் கொடுத்தேன். மதியம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கீபோர்டை இழுத்தாள்.

"அஞ்சாம் கிளாஸ் இரைச்சலுக்கு இந்தக் குரல் பத்தாதாம். திங்கட்கிழமைக்குள்ள பெரிய ஸ்பீக்கர் மாட்டிக் கொடு" என்றது பலகை.

நோட்டை எடுத்தேன். ஸ்பீக்கர், எந்த டிரைவர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பேனாவால்.