சொந்தங்களுக்கு மட்டும்

என் பாட்டு வெளிவர இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது, அது டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் யாரோ ஒரு பிள்ளை தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய விழா வீடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை உடுப்போடு ஒரு சிறுமி கேக் வெட்டுகிறாள். பின்னணியில் நான் பாடுகிறேன். "எப்ப கலியாணம்?" என்று கேட்பவர்களை ஏசி நான் எழுதிய பாட்டு அது.

ஹொல்ஸ்டெப்ரோவில் ஓர் இளைஞர் மன்றத்து நிலவறையில் தொடங்கி ஆறு வருடமாக ஜமெய்க்கா இசையான ரெகே பாடுகிறேன். முதல் இரண்டு பாட்டையும் நானே பதிவுசெய்து இணையத்தில் போட்டேன். அறுபது பேர் கேட்டார்கள். அதில் பாதி எங்கள் டிரம்மரின் வீட்டார். மூன்றாவதைத்தான் ஓர்ஹூஸில் ஒரு சிறிய இசை நிறுவனம் வெளியிட எடுத்தது. ஒரே நிபந்தனை, அதற்கு முன் பாட்டு எங்கேயும் வரக்கூடாது.

அப்பாவுக்கு மட்டும் அனுப்பினேன்.

"நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை பிள்ளை. சொந்தங்களுக்கு மட்டும்தான்."

"அந்தச் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில எத்தினை பேர் அப்பா?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இருநூற்றிப் பதினாலு."

பாட்டின் கீழே எழுதியும் இருந்தார்: 'முதுகலை முடித்த என் மகள் கிளோறியா பாடியது. கேட்டு ஆசீர்வதிக்கவும்.' எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதை ஒட்டாமல் அவருக்கு என் பெயரைச் சொல்ல வராது.

வீடியோ எடுத்த லவன் அண்ணையை போனில் பிடித்தேன்.

"அட, நீங்களே தங்கச்சி! நல்ல பாட்டு. கொஞ்சம் மெதுவாக் கிடந்தது, அதான் ஸ்பீட் ஏத்தினனான். இடையில சத்தமில்லாமல் கிடந்த இடமெல்லாம் தவில் போட்டு நிரப்பியிருக்கிறன். கேட்டனீங்களோ?"

"அந்த இடைவெளிதான் அண்ணை ரெகே!"

"நாலாயிரம் பேர் பாத்திட்டினம். சும்மா விட்டிருந்தால் ஆர் தங்கச்சி கேட்டிருப்பினம்?"

வாய்க்கு வந்தபடி ஏசினேன். பின்னேரம் வீடியோவை நீக்கிவிட்டார். அதற்குள் வேறு மூன்று பேர் அதைத் தங்கள் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். நிறுவனத்திலிருந்து எமிலியா பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள். இந்தப் பாட்டை விட்டுவிடுவோம், புதிதாக ஒன்று இருந்தால் அனுப்பு என்றாள். ஒரு வருட வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

ஏழு வாரம் கழித்துப் புதிதாக ஒன்று இருந்தது. வைலேயில் ஒரு நிகழ்ச்சிக்கு அப்பாதான் காரில் கொண்டுபோனார். வழியில் அதைப் போட்டேன். அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டினார். தாளம் சரியான இடத்தில் விழுந்தது. எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது, உண்மை.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவர் கை சட்டைப்பைக்குள் போய், பாட்டைப் பதிவுசெய்யப் போனோடு வந்தது.

"அப்பா!"

"கனடாப் பெரியம்மாவுக்கு மட்டும் பிள்ளை. அவ ஒருத்தருக்கும் அனுப்பமாட்டா."

பாட்டை நிறுத்தினேன்.

"அப்ப எனக்கும் கேக்க ஏலாதோ?"

"மேடையில பாடேக்க வந்து கேளுங்கோ."

விளக்கு பச்சையாகியும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"டிக்கெட் எடுக்கோணுமோ?"

"ஓம்" என்றேன்.