முத்திரை உடையாத குவியல்

வீட்டுக்குப் பின்னால் இருபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமாகக் கிடந்த இடத்தை மண் என்று சொன்னால் மண்ணே மானநஷ்ட வழக்குப் போடும். வீடு கட்டியவர்கள் மிச்சமானதையெல்லாம் அங்கேயே புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உடைந்த செங்கல், இறுகிப்போன சிமெண்ட் கட்டி, ஓட்டுச் சில்லு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் பொறி பறக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் இரண்டு நாள் அப்படியே நிற்கும். மூன்றாம் நாள் வெயில் வந்து எடுத்துக்கொண்டு போகும்.

அங்கேதான் தோட்டம் போடப் போவதாகத் தராசுக்காரர் அறிவித்தார்.

தராசுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். முப்பத்துநாலு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சந்தைக்குள் காலெடுத்து வைத்தால் தட்டுகள் தாமாகவே நேராகிவிடும் என்பார்கள். எடையில் ஏமாற்றத் தட்டின் அடியில் ஒட்டிய மெழுகை மூன்று கடை தள்ளி நின்றே மோப்பம் பிடிப்பார். ஓய்வு பெற்ற வாரத்தில், அலுவலகம் ஏலத்தில் கழித்துவிட்ட நூறு கிலோ டயல் தராசு ஒன்றையும், கம்பியில் ஈய முத்திரை நசுக்கும் பழைய இடுக்கி ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எடை போடப்படாதவர் அவருடைய மனைவி ஒருவர்தான். அதுவும் முயற்சி செய்யாமல் இல்லை.

மனைவி தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் வார்டுத் தரையைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தவருக்கு, வீட்டுத் தரையில் சேற்றுக்கால் தடம் விழுந்தால் நெஞ்சிலேயே மிதித்த மாதிரி.

முதல் கோடையில் தராசுக்காரர் அவரைக்காய் விதை ஊன்றினார். நாற்பது விதையில் மூன்று முளைத்தன. அந்த மூன்றும் தலையை நீட்டி நாலு பக்கமும் பார்த்தன, நிலைமை புரிந்தது, திரும்பவும் உள்ளே போய்விட்டன. ஆனால் அவர் கால் வழியாக வீட்டுக்குள் வந்த சேறு மட்டும் அமோக விளைச்சல்.

"என்னங்க, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க," என்றார் மனைவி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு. "கொத்தனார்கிட்ட பேசிட்டேன். மழைக்காலம் முடிஞ்சதும் பின்னாடி முழுக்க சிமெண்ட் போட்டுடலாம். துணி காயப்போடலாம், நாற்காலி போட்டு உக்காரலாம்."

"அப்ப தோட்டம்?"

"எந்தத் தோட்டம்? நீங்க கடப்பாரையால தட்டுறீங்களே, அதுவா? சரி, நானும் மனுஷிதான். மழை முடியறதுக்குள்ள என் முழங்காலுக்கு மேல ஒரே ஒரு செடி நிக்கட்டும். கொத்தனாரைத் திருப்பி அனுப்பிடறேன்."

தராசுக்காரர் மனைவியின் முழங்காலை ஒரு பார்வை பார்த்தார். தரையிலிருந்து பதினெட்டு அங்குலம். எட்டக்கூடிய உயரம்தான். ஆனால் எட்டாவிட்டால்? காலை ஆறு மணிக்கு எழுந்து அவர் போவதற்கென்று மிச்சமிருந்த ஒரே இடம் அது. அதன்மேல் சிமெண்ட் விழுந்தால் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செத்த மண்ணுக்கு உயிர் கொடுக்க மக்கு உரம் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவர் சும்மா போடுவாரா? சுவரோரம் நாலு கம்பு நட்டு வலை கட்டினார். தெருவில் உதிர்ந்த இலை, சமையலறைக் கழிவு, மாட்டுச் சாணம் எல்லாவற்றையும் கூடை கூடையாகத் தராசில் நிறுத்து, சுவரில் கரித்துண்டால் எழுதி, பிறகுதான் உள்ளே கொட்டினார். வாழைப்பழத் தோல் ஒன்று எடை போடாமல் உள்ளே போய்விட்டது என்று ஒருநாள் முழுக்கக் குவியலைக் கிளறித் தேடினார். மொத்தம் இருநூற்று நாற்பது கிலோ. குவியல் அவருடைய மார்பளவு நின்றது.

மூன்று வாரத்தில் அது இடுப்பளவுக்கு இறங்கியது.

அவருக்குச் சுருக்கென்றது. அத்தனையையும் வெளியே எடுத்து, திரும்ப நிறுத்து, திரும்ப உள்ளே போட்டார். நூற்று எழுபத்தொன்று. அறுபத்தொன்பது கிலோவைக் காணவில்லை.

"திருட்டு," என்றார்.

"குப்பையையா?" என்றார் மனைவி.

"உனக்கு அது குப்பை. தெரிஞ்சவனுக்கு அது தங்கம். பக்கத்து வீட்டு டெய்லரோட ரோஜாவைப் பாத்தியா? போன மாசம் குச்சி மாதிரி நின்னுச்சு. இப்ப ஒவ்வொரு பூவும் தலையணை அளவு இருக்கு."

"கடவுளே! அந்த மனுஷன் காதுல விழப்போகுது."

விழுந்துவிட்டது. மதில் குட்டைச் சுவர்தான். டெய்லர் கழுத்தில் அளவு நாடாவோடு எட்டிப் பார்த்தார்.

"சார், நான் துணியில ஒரு அங்குலம் திருடினேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். அது தொழில். உங்க வீட்டு அழுகல் காய் எனக்கு எதுக்கு?"

"உங்களைச் சொல்லலை டெய்லர். பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா எங்க ரோஜாவைச் சொன்னீங்க."

அதற்கும் தராசுக்காரர் அசரவில்லை. சந்தேகம் தீரவேண்டுமென்றால் குவியலுக்கு மேலேயும் வலை போட்டு மூடி முத்திரை வைப்பதுதான் முறை என்றார். அத்தனை பெரிய வலையைத் தைக்க அந்தத் தெருவில் ஒரே ஒருவரால்தான் முடியும். டெய்லர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார், கோணி ஊசியால் நாலு பக்கமும் இழுத்துத் தைத்தார்.

"திருடனே வந்து பூட்டுப் போட்டுட்டுப் போறேன். நல்லாப் பாத்துக்குங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் பேசவில்லை.

தராசுக்காரர் தையல் முடிந்த இடங்களில் கம்பி கோத்து, ஈயத்தை வைத்து, இடுக்கியால் நச்சென்று நசுக்கினார். நாலு மூலையிலும் நாலு முத்திரை. ஓர் எலி நுழைந்தால்கூட அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும்.

பத்து நாள் கழித்து மனைவியைச் சாட்சியாக நிறுத்தி முத்திரைகளைப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிரித்து நிறுத்தார்.

நூற்று நாற்பத்தெட்டு.

அவர் தராசை அடித்துப் பார்த்தார். படிக்கல் வைத்துச் சோதித்தார். தராசு உண்மைதான் பேசியது. பிறகு தராசின் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். முள் அறுபத்தொன்றில் நின்றது.

"முப்பத்துநாலு வருஷம்," என்றார். "முத்திரை உடைஞ்சிருந்தா எடை குறைஞ்சிருக்கும். எடை குறைஞ்சிருந்தா முத்திரை உடைஞ்சிருக்கும். முத்திரை உடையாம இருபத்துமூணு கிலோ எங்க போச்சு?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்து முதல் தடவையாகச் சேற்றுக்காலோடு வீட்டுக்குள் வர விட்டார்.

அதற்கு மூன்றாம் நாள் கோடைமழை ஒன்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடிந்தபோது காற்று சில்லென்றிருந்தது. தராசுக்காரர் பல் தேய்த்தபடியே பின்பக்கம் வந்தார். மதிலுக்கு மேலாக வந்த முதல் வெயில் குவியலின் உச்சியில் விழுந்தது. குவியலிலிருந்து வெள்ளையாக, மெதுவாக, நூல் நூலாக ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"தீ! தீப்பிடிச்சிருச்சு!" என்று கத்தினார் அவர். வாயிலிருந்த பற்பசை சுவர்வரை தெறித்தது.

டெய்லர் மதில்மேல் முளைத்தார். "என்ன சார், குளிக்க வெந்நீர் போடறீங்களா?"

மனைவி ஓடிவந்தார். வந்தவர் தண்ணீர் தேடவில்லை. முப்பது வருடப் பழக்கம், நேராகப் போய்க் குவியலுக்குள் புறங்கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளே போய்க் காய்ச்சல் மானியை எடுத்துவந்து செருகினார். பாதரசம் நூற்றெட்டைத் தாண்டி, கோடு போட்ட இடமெல்லாம் தாண்டி, இனி ஏற இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது.

"இத்தனை காய்ச்சல்ல உசுரோட இருக்கிற நோயாளியை நான் பாத்ததே இல்லைங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"உசுரா?"

"பின்ன? அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, சூடு எங்கேயிருந்து வருது? உள்ள லட்சம் லட்சமாப் பூச்சியும் கிருமியும் உக்காந்து திங்குது. தின்னா உடம்பு சுடும். மூச்சு விடும். பாருங்க, மூச்சு விடுது."

தராசுக்காரர் கையை உள்ளே விட்டார். இலையும் தோலும் சாணமும் தான் அங்கே போட்டவை. இப்போது அவற்றில் ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு பெரிய பிராணியின் வயிற்றுக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது. விரல் சுட்டது, ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் இருபத்துமூன்று கிலோவும் அறுபத்தொன்பது கிலோவும் வெள்ளை நூலாக மேலே போய்க்கொண்டிருந்தன. திருடன் பட்டப்பகலில், அவர் மூக்குக்கு நேராக, வலையின் ஓட்டை வழியாகவே போய்க்கொண்டிருந்தான்.

"இவர் அதை மாத்தி மாத்தி வெளியே எடுத்து நிறுத்தாரே, அதுதான் அக்கா அதுக்குக் காத்து குடுத்திருக்கு," என்றார் டெய்லர். "கிளறாம விட்டிருந்தா நாறிப் போயிருக்கும். சந்தேகப்பட்டே உரம் பண்ணின ஆள் உலகத்துலயே சார் ஒருத்தர்தான்."

தராசுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மதிலருகே போனார். "டெய்லர், என்னை மன்னிச்சுக்குங்க."

"ரோஜாவையும் கேளுங்க சார்."

கேட்டார். தலையணை அளவுப் பூவைப் பார்த்துக் கைகூப்பிக் கேட்டார்.

அன்றோடு எடை போடுவதை விட்டுவிட்டார். டயல் தராசு பின்பக்கம் தரையிலேயே கிடந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் குவியல் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த காட்டின் வாசனையோடு தயாரானது. கடப்பாரையால் தரையைக் கிளறி, செருப்பு உட்பட அகப்பட்டதையெல்லாம் பொறுக்கி, அந்தக் கறுப்பு மண்ணைப் பரப்பினார். மேலே அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, அதன்மேல் இலை போட்டு மூடினார். மழை வந்தது.

ஒருநாள் ஓர் அட்டையைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மண்புழுக்கள். ஒன்று இரண்டு இல்லை. செங்கலும் சிமெண்டும் கிடந்த அந்த இடத்துக்கு யார் சொல்லி வந்தன, எந்த வழியாக வந்தன? ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய சுவடு தெரியாமல் மண் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டது.

விதைத்த அவரையையும் வெண்டையையும் நத்தைகள் முதல் வாரத்திலேயே பந்தி வைத்துத் தின்றுவிட்டன. தராசுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஆனால் யாரும் விதைக்காத ஒன்று ஓர் ஓரத்தில் முளைத்தது. சமையலறைக் கழிவோடு போய், அந்தக் காய்ச்சலில் வேகாமல் எப்படியோ ஓரமாக ஒதுங்கித் தப்பித்த பூசணி விதை. கொடி ஒரு நாளைக்கு ஒரு முழம் ஓடியது. டெய்லர் தூக்கத்தில் அது வளரும் சத்தத்தைக் கேட்டதாகச் சத்தியம் செய்தார். மதில்வரை போனது, திரும்பியது, வெளிர் மஞ்சளாகப் பூத்தது.

எல்லாம் சரி. பூசணி படரும் ஜாதி. இருபதடி ஓடும், ஓரடி நிமிராது. இலைக்காம்பை அளந்து பார்த்தார். பதினோரு அங்குலம். மனைவியின் முழங்காலுக்கு இன்னும் ஏழு அங்குலம் பாக்கி.

கொடி போன வழியில் அந்தத் தராசு கிடந்தது. அதன் மேடைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு, சரியாக நடுவில், ஒரு பிஞ்சு விட்டது. தராசுக்காரர் தொடவில்லை. காலையில் முள்ளைப் பார்த்தார், கால் கிலோ. மறுநாள் அரை. பிறகு ஒரே நாளில் முக்கால் கிலோ ஏறியது. காய்க்கு அடியில் மண் இல்லை, இரும்புதான். வேர் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்தார். மண் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

"காத்துல போனதெல்லாம் காத்துலேர்ந்தே திரும்பி வருது," என்று மனைவியிடம் மெல்லிய குரலில் சொன்னார். "இலை புடிச்சு உள்ள இழுக்குது. முத்திரையும் இல்லை, முறையும் இல்லை. நான் யாரைப் போய்ப் புடிக்கிறது?"

அதற்குப் பிறகு காலையில் அவருக்கு முன்னால் யாரோ பின்பக்கம் போய்வந்த தடம் ஈரத்தில் தெரிந்தது. சின்னக் கால்.

மழை நின்றது. சொன்ன நாளில் கொத்தனார் சிமெண்ட் மூட்டையோடு வந்து நின்றார்.

"அம்மா, ஆரம்பிச்சிடலாமா? இந்தக் கொடியை அறுத்துடட்டுமா?"

தராசுக்காரருக்குப் பந்தயம் பந்தயம்தான். ஆயுள் முழுக்க அளவுக்கு நின்ற மனிதர், தன் விஷயத்தில் மட்டும் தட்டில் மெழுகு ஒட்டமாட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இருப்பா," என்றார் மனைவி. "இன்னிக்கு எவ்வளவுன்னு பாத்துக்கறேன்."

டயல் தரையோடு தாழ இருந்தது. புடவையைச் சுருக்கிக்கொண்டு, சேறு, ஈரம் எதையும் பார்க்காமல், அந்தக் கறுப்பு மண்ணில் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்கார்ந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முள்ளைப் படித்தார்.

"பத்தொம்பதே கால்! நேத்து பதினெட்டே முக்கால்தானே?"

தராசுக்காரர் திரும்பினார். மனைவி எழுந்திருக்கவில்லை. அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, வாங்க இப்படி. என் முழங்கால் எங்க இருக்கு பாருங்க."

"மண்ணுல."

"செடி எங்க இருக்கு?"

அவர் பார்த்தார். மூக்கு விடைத்தது. "மேல," என்றார். இன்னொரு தடவை சொன்னார். "மேல இருக்கு."

"அளந்து சொல்லுங்க. அப்புறம் நான் தட்டுல மெழுகு ஒட்டினேன்னு சொல்லக்கூடாது."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெய்லரின் அளவு நாடா பறந்து வந்து விழுந்தது.

"அப்ப இந்த சிமெண்ட்டை என்னம்மா பண்றது?" என்றார் கொத்தனார்.

"கதவுலேர்ந்து இங்க வரைக்கும் ஒரு நடைபாதை போடு. ஒண்ணரை அடி அகலம். கொடி எங்க திரும்புதோ அங்க நீயும் திரும்பு."

கொத்தனார் மூட்டையை இறக்கிவைத்தார். பிறகு தயங்கித் தயங்கி வந்து, வேட்டியை மடித்துக்கொண்டு, அவரும் தராசுக்கு முன்னால் முழங்காலிட்டார். முள் அசைகிறதா என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அசைந்தது என்று டெய்லர் மதில்மேலிருந்து சொன்னார்.