சக்கரத்தில் இல்லாத இரண்டு காந்தங்கள்

நூலில் தொங்கிய அலுமினியத் தட்டு, எதுவும் தொடாமலே சுற்றியது.

"அலுமினியத்துல காந்தம் ஒட்டாதேப்பா, அப்புறம் எப்படி?" என்றாள் மூத்தவள். அவளுடைய பள்ளிக் கண்காட்சிக்காகத்தான் இத்தனையும். மிக்சி ரிப்பேர் பார்க்கும் அப்பா, பழைய மோட்டாரில் வட்டப் பலகையைப் பொருத்தி, சட்டைப் பொத்தான் அளவில் எட்டுக் காந்தங்களை ஒட்டித் தட்டுக்கு அடியில் வைத்திருந்தார்.

"ஒட்டாதுதான். ஆனா காந்தம் கீழ சுத்தச் சுத்த, தட்டுக்குள்ள சுழி சுழியா கரண்ட் ஓடும். அந்தக் கரண்டால தட்டும் காந்தம் மாதிரி ஆயிடும். கீழ ஓடுறதத் துரத்திக்கிட்டே போகும்."

"உங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடி என் பின்னாடி சுத்தின மாதிரி," என்றாள் அம்மா. "கிட்டயும் வர மாட்டாரு, விட்டுட்டும் போக மாட்டாரு."

அவருக்குக் காது சிவந்தது. மனைவி ரசிக்கிறாள் என்ற குஷியில் வேகத்தைக் கூட்டினார். பசை சரியாகக் காய்ந்திருக்கவில்லை. பலகை தடதடவென்று ஆடியது. ஏதோ தெறித்துச் சுவரில் பட்டது. அணைத்துப் பார்த்தால் ஆறு காந்தங்கள்தான் இருந்தன.

"இரும்பத் தேடித்தான் போயிருக்கும்," என்று பீரோவுக்கு அடியில் துழாவினார். அங்கே ஒன்றுமில்லை. மேசைக்கு அடியில் சின்னவன் உட்கார்ந்திருந்தான், தாடையெல்லாம் எச்சில்.

"பட்டு, வாயில என்னடா போட்ட?" என்றார் அப்பா.

"மித்தாயி."

"எத்தனை?"

இரண்டு விரலைக் காட்டினான். வயதைக் கேட்டால் காட்டப் பழக்கியது அது. எதைக் கேட்டாலும் அதைத்தான் காட்டுவான்.

"பக்கத்து வீட்டுப் புள்ள காசு முழுங்கி, அது தானா வரலையா? வாழைப்பழம் குடுத்தா..." என்றாள் அம்மா. தன் குரலே அவளுக்கு நம்பிக்கை தரவில்லை.

அவர் முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணும் குடுக்காத. காசு வேற, இது வேற. ரெண்டும் தனித்தனியா குடலுக்குள்ள போச்சுன்னா, நடுவுல குடல வச்சே ஒண்ண ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். ஓட்டை விழுந்துரும். கிளம்பு."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "ரெண்டும் ஒட்டிக்கிட்டு இரைப்பையிலயே இருக்கு. கீழ இறங்கறதுக்குள்ள குழாய் விட்டு எடுத்துடறோம்," என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். கதவு மூடியது.

மூத்தவள் தள்ளிப் போய் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். அப்பா மனைவியின் கையைப் பிடிக்க வந்தார்.

"தொடாதீங்க. யாரு கேட்டா வேகத்த?"

கடுகளவு திருகாணியைக்கூட நழுவவிடாத அந்த விரல்களை மடக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவையே பார்த்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

கடைசியில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் எடுத்தாச்சு. காயம் எதுவும் இல்ல. முழிச்சு ஊரக் கூட்டுறான், வாங்க."

அம்மா எழுந்தாள். அவர் எழவில்லை. "நீ போ. எனக்குக் கால் வரல."

"வரும், எந்திரிங்க," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு கையை மூத்தவளிடம் நீட்டினாள். "நீயும் வாடி. உன்னத் தனியா விட்டுட்டு எங்க போவேன்?"