வெள்ளைப் பகுதியில் குடியிருப்போர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். போன வார வீட்டுப்பாடத்தில், ஓவியத்தின் வெள்ளைப் பகுதி வெறுமையைக் குறிக்கிறது என்று எழுதினேன். அங்கே ஒரு குடும்பம் குடியிருப்பதைக் கவனிக்கவில்லை.

கவனித்திருக்க வேண்டும். பகலில் எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டி, ‘இப்பத் தெளிவா, முன்னாடி தெளிவா’ என்று கேட்பதுதான் என் தொழில். ஓவியத்தின் முன்னால் மட்டும் எது தெளிவு என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால்தான் மாலை நேர ஓவிய ரசனை வகுப்பில் சேர்ந்தேன்.

ஓவியம் வகுப்பறையின் முன்சுவர் முழுக்க இருக்கிறது. இடப்பக்கம் வெள்ளை. வலப்பக்கம் கறுப்பு. நடுவில் ஒரு கோணல் கோடு. வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றும் இல்லை என்று நான் நினைத்ததுதான் வினையாகிவிட்டது.

இம்மானுவேல் சார் இன்று என் தாளை உரக்கப் படித்தார். சார் பக்கவாட்டில் மட்டும் தெரிவார். அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தாலும் அதே பக்கம்தான் தெரியும். பாடம் நன்றாக நடத்துவார்.

“வெள்ளை வெறுமையைக் குறிக்கிறது,” என்று படித்து முடித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க கோகிலவாணி. பத்துக்கு எட்டு.”

மதிப்பெண் கிடைத்ததும் நான் எழுதிய பொருள் நடைமுறைக்கு வந்தது. வெள்ளையிலிருந்து ஓர் அம்மாள் தலையை வெளியே நீட்டினார். கை முழுக்க மாவு.

“ஏனுங் அம்மிணி, எழுதுனது நீங்களா?”

“ஆமாங்க்கா.”

“கிரைண்டரைக் காணோமுங்க. மாவு மட்டும் அந்தரத்துல சுத்துது.”

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். மாவு கிரைண்டரின் வடிவத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல பதம்.

அவர் பெயர் சம்பூரணம். கணவரோடும் மகளோடும் ரொம்ப வருடமாக வெள்ளையில் இருக்கிறார். கணவர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கட்டில் போனது. அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். பேப்பர் போனது. மீசையை முறுக்கலாம் என்று கையைத் தூக்கினார். மீசை இல்லை. கையை மரியாதையாக மடியில் வைத்துக்கொண்டார்.

“சார், அழிச்சுட்டு வேற எழுதலாமா?” என்று கேட்டேன்.

“மார்க் போட்டதை அழிக்கக் கூடாது. வேற பொருள் கொண்டு வாங்க. அது பொருந்திச்சுன்னா இது செல்லாது.”

“எங்கேருந்து சார் கொண்டு வர்றது?”

“பொருள் வைக்கிற அறையிலேருந்துதான். கடைவீதிலேருந்தா கொண்டு வருவாங்க?”

“எவ்வளவு நேரம் சார் இருக்கு?”

“மணி அடிக்கிற வரைக்கும். அடிச்சா இவங்க முழுசா காலி.”

சம்பூரணம் அக்கா என்னைப் பார்த்தார். “வெரசாப் போயிட்டு வாங்க கண்ணு. அடுப்புல சாதம் இருக்குது. அடுப்பு எத்தனை நேரம் இருக்குமோ தெரியலை.”

பொருள் வைக்கும் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. நான் நடந்தேன். தாழ்வாரம் நீண்டது. நான் நின்றேன். அதுவும் நின்றது. வேறு எங்கோ போகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்தேன். அறை வந்துவிட்டது.

கதவில் ‘உங்கள் பொருளுக்கு நீங்களே பொறுப்பு’ என்று எழுதியிருந்தது. இத்தனை நாள் அது பையையும் குடையையும் பற்றிய அறிவிப்பு என்று நினைத்திருந்தேன். இது என் இரண்டாவது பிழை.

உள்ளே ஒருவர் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார்.

“வெள்ளைக்கு ஒரு பொருள் வேணுங்க.”

“எல்லாம் பழசுதான் இருக்கு. தூய்மை இருக்கு. அமைதி இருக்கு, ஒரு மூலையை எலி கடிச்சிருச்சு. நம்பிக்கை இருக்கு.”

“கறுப்புக்கு?”

“மரணம் மட்டும்தான். அதுதான் நல்லா ஓடுது.”

வெள்ளைக்கு உண்டான மூன்றையும் பையில் போட்டுக்கொண்டேன். தூய்மை கனத்தது. நம்பிக்கை பையை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தபோது வெள்ளையில் ஜன்னல் போயிருந்தது. அடுப்பும் போயிருந்தது. சம்பூரணம் அக்கா நின்ற இடத்திலேயே நின்று, நான் எடுத்துக் காட்டிய ஒவ்வொன்றையும் புடவை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“தூய்மைங்களா? இவ்வளவு பெரிய செவுத்தை யாரு தொடைக்கிறது? வேண்டாமுங்க.”

“அமைதி?”

“இவரு விடுற கொறட்டைக்கு அது பொய்யாப் போயிருமே.”

கணவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“நம்பிக்கை?”

“அட சாமி! முன்ன ஒரு பையன் அதைத்தான் எழுதிப்போட்டான். ஆரோ வரப்போறாங்கன்னு வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தோம். வீட்டுல ஒரு வேலை ஓடலை. ஒருத்தரும் வரவும் இல்லை.”

“பொதுவா பொருந்துமே,” என்றார் இம்மானுவேல் சார், வகுப்பறை ஜன்னல் பக்கம் பார்த்தபடி. அவரால் அந்தப் பக்கம் மட்டும்தான் பார்க்க முடியும்.

சம்பூரணம் அக்கா மகளைக் கூப்பிடத் திரும்பினார். வாயைத் திறந்தார். மூடினார்.

“ஏனுங், நம்ம புள்ளை பேரு என்னங்க?” என்று கணவரைக் கேட்டார்.

கணவர் யோசித்தார். “இருந்துச்சே,” என்றார்.

மகள் ஒரு சடை பின்னியும் ஒரு சடை பின்னாமலும் நின்றாள். அவளும் யோசித்தாள். அவளுக்கும் வரவில்லை. பிறகு மூவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையில் எல்லாரையும் கேட்டாகிவிட்டது. முறைப்படி அடுத்தது கறுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

“துக்கம் விசாரிக்க வந்தீங்களா?” என்று ஒரு குரல் கேட்டது.

“இல்லீங்க.”

“அப்பாடா. உக்காருங்க.”

நாற்காலி தெரியவில்லை. உட்கார்ந்த பிறகு இருந்தது.

குரலுக்கு உரியவர் பெயர் வெள்ளியங்கிரி. தனியாள். கறுப்பு மரணத்தைக் குறிக்கிறது என்று ஒவ்வொரு வகுப்பும் எழுதுவதால், அவர் வீட்டுக்குப் பூமாலை வராத நாள் இல்லை.

“நேத்தொருத்தரு வந்து, எப்பேர்ப்பட்ட மனுசன் போயிட்டாருன்னு என்ற கையைப் பிடிச்சுட்டு எங்கிட்டயே அழுவறாரு. கூடச் சேந்து நானும் அழுதேனுங்க. வேறென்ன பண்றது?”

“அண்ணா, பக்கத்துல இருக்குற பாப்பா பேரு உங்களுக்குத் தெரியுமா?”

“தமயந்திதானே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்படீங்க தெரியும்?”

“தெனமும் சாயங்காலம் செவுத்துக்கு அந்தாண்ட அவுங்கம்மா கத்துறது கேக்குமுங்க. ‘தமயந்தி, பாலு ஆறுது! தமயந்தி, சடை பின்ன வா!’ அதைக் கேட்டா எனக்கே பாலு குடிக்கோணும்போல இருக்கும்.”

“அவங்களைப் பார்த்திருக்கீங்களா?”

“எங்கீங்க. துக்க வீடுன்னு அவுங்க வரலை. வெள்ளையும் சொள்ளையுமா இருக்கறவங்கன்னு நானும் போகலை.”

அப்போதுதான் கோணல் கோட்டைப் பற்றி வீட்டுப்பாடத்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அது கோடு அல்ல, சுவர். சுவராக இல்லாமலும் இருக்கலாம். யோசிக்க நேரமில்லை.

“ஒரு தடவை கூப்பிடுங்களேன் அண்ணா,” என்றேன்.

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “தமயந்தீ! பாலு ஆறுதாம்!”

“வந்துட்டேன்!” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

“அய்யோ, தமயந்தி! அதேதான்!” என்று சம்பூரணம் அக்கா கத்தினார். “ஏனுங், தமயந்திங்க!”

நான் வெளியே ஓடிவந்து சார் முன்னால் நின்றேன். “சார், வெள்ளை வெறுமை இல்லை. கறுப்புக்குப் பக்கத்து வீடு.”

“அப்ப கறுப்பு?”

“வெள்ளைக்குப் பக்கத்து வீடு.”

“எது எதைக் குறிக்குது?”

“ஒண்ணை ஒண்ணு.”

“நிரூபிங்க.”

வகுப்பில் இன்னும் அந்தப் பாடம் வரவில்லை. சார் கையில் மணியை எடுத்துக்கொண்டார்.

சம்பூரணம் அக்காவுக்கு நிரூபிக்கிற எண்ணமே இல்லை. வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே கிண்ணத்தில் அந்தரத்து மாவை வழித்தார். சுவருக்கு மேலே நீட்டினார்.

“அண்ணா, வெச்சிருந்தா புளிச்சுப் போயிருமுங்க. ரெண்டு தோசை ஊத்திச் சாப்பிடுங்க.”

வெள்ளியங்கிரி வாங்கி, மாவைத் தன் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனார். பாதியில் கை நின்றது.

“வெறுங்கிண்ணத்தை எப்படீங்க தர்றது?”

கிண்ணம் நிறைய எள்ளுருண்டை போட்டு, அதைத் தன் வீட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

இப்போது தட்டு வெள்ளையில் இருந்தது. அதைத் திருப்பித் தர வேண்டும். அதையும் வெறுமையாகத் தர முடியாது. அந்த வீட்டிலோ ஒன்றும் இல்லை. ஆனால் திருப்பித் தர வேண்டிய தட்டு இருக்கிற வீட்டில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும். எனவே சாதம் வந்தது. சாதம் வந்ததால் அடுப்பு வந்தது. அடுப்புப் புகை போக ஜன்னல் வந்தது. பிறகு கிரைண்டரும் கட்டிலும் பேப்பரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. கணவரின் மீசை கடைசியில் வந்தது, கொஞ்சம் கோணலாக. அவர் அதை முறுக்கிச் சரிசெய்தார். தமயந்தியின் இரண்டாவது சடையை யாரும் பின்னவில்லை. அவள் எள்ளுருண்டை தின்றுகொண்டிருந்தாள்.

இம்மானுவேல் சார் வெள்ளைப் பகுதியை ஓரக்கண்ணால் மேலும் கீழும் பார்த்தார். “காலியா ஒரு இடம்கூட இல்லை,” என்றார் வருத்தத்தோடு. “வெறுமை செல்லாது. பக்கத்து வீடுங்கறது கலைச்சொல் இல்லைங்கறதால பத்துக்கு ஆறு.”

மணியை அடித்தார். யாரும் காலி ஆகவில்லை.

கறுப்பின் வாசலில் ஒருவர் மாலையோடு தயங்கி நின்றார். “வீடு மாறி வந்துட்டேனுங்களா?”

“ஆமாங்க,” என்றார் வெள்ளியங்கிரி, உற்சாகமாக. உள்ளே தோசைக்கல் காயும் வாசனை வந்தது.

நான் கிளம்பும்போது சம்பூரணம் அக்கா கூப்பிட்டார். “அம்மிணி, உங்களுக்கு வீடு எங்கீங்க?”

சொன்னேன்.

“அட, இந்தப் பக்கத்துலதானே,” என்று ஓவியத்தின் இடப்பக்க ஓரத்தைக் காட்டினார். சில்வர் தூக்கு ஒன்றைக் கையில் திணித்தார். “ரசமுங்க. சூடா இருக்குது, சிந்தாம எடுத்துட்டுப் போங்க.”

வெள்ளை வழியாகவே நடந்தேன். கட்டிலைத் தாண்டியதும் என் வீட்டுக் கதவு இருந்தது. இதுவரை பேருந்தில் சுற்றிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ரசத்தைச் சாதத்தில் விட்டுச் சாப்பிட்டேன். மிளகு கொஞ்சம் தூக்கல். நன்றாக இருந்தது. பக்கத்து வீடு இருப்பதே தெரியாமல் இருந்த எனக்கு ஆறு மதிப்பெண் அதிகமோ என்றுகூடத் தோன்றுகிறது.

நாளை: தூக்கைக் கழுவி, பருப்பு வடை போட்டுச் சம்பூரணம் அக்காவிடம் கொடுக்க வேண்டும். வெள்ளியங்கிரி அண்ணனுக்குத் தனியாக நான்கு.