டேங்க் தண்ணி மாட்டுக்கு

எங்கள் ஊர்க்காரர்களை முன்பல்லில் ஓடும் பழுப்புக் கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நான் கள்ளக்குறிச்சி காலேஜுக்குப் போன காலத்தில், தியாகதுருகம் தாண்டி வரும் டவுன் பஸ் கண்டக்டர் என் வாயைப் பார்த்ததுமே ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கிழிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று வருஷமும் வாயைத் திறக்காமலே சிரித்தேன்.

வெங்கடேசன் பெண் பார்க்க வந்தபோதும் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் காபி கொடுத்தேன். அவர் பக்கத்துத் தெருதான். அவருக்கும் முன்பல்லில் அதே பழுப்புக் கோடு. "இன்னாத்துக்கு வாய மூடிக்கினு நிக்கற மணிமொழி? ரெண்டு பேரும் ஒரே போர்த் தண்ணிதான?" என்று வாய்கொள்ளாமல் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் மனசு இனிக்கிறது.

அந்த ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்மேல் ஊருக்கே பெருமை. பருப்பு ஒரே கொதியில் வெந்துவிடும் என்போம். பஞ்சாயத்து டேங்கிலிருந்து குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் பிளீச்சிங் பவுடர் நாறுகிறதென்று அதைப் பிடித்து மாட்டுத் தொட்டியில் ஊற்றுவோம். போர்த் தண்ணீர் மனுஷருக்கு. என் மகள் இலக்கியா கைக்குழந்தையாக இருந்தபோது அதைச் சுண்டக் காய்ச்சி, அதில்தான் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தேன். என்னைப்போல் சுத்தம் பார்க்கிறவள் தெருவிலேயே இல்லை என்று எனக்கு நினைப்பு.

போன வாரம் இலக்கியா பள்ளிக்கூடத்தில் பல் கேம்ப். அவளுக்கு ஏழு வயது, பால்பல் விழுந்து முன்பல் இரண்டும் இப்போதுதான் முளைத்திருந்தன. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது தேச்சா போற கறை இல்லம்மா. உங்க போர்த் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி."

"நான் காய்ச்சித்தாங்க குடுத்தேன்."

"காய்ச்சினா போகாதும்மா. சுண்டச் சுண்ட ஜாஸ்திதான் ஆகும்."

தலையில் இடி விழுந்தது. "படிப்பு ஏறுங்களா? மூளைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்றேன்.

"அதையும் ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்க. இவளுக்கு இப்படித்தான்னு யாராலயும் சொல்ல முடியாது. மொதல்ல தண்ணிய மாத்துங்க. வூட்ல சின்னக் குழந்தை இருக்குதா?"

சின்னவன் செழியனுக்குப் பத்து மாசம் என்றேன். பால்பல் விழுந்து அவனுக்கு முளைக்கப்போகும் பல் இப்போதுதான் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும், இப்போதே மாற்றினால் நல்லது என்றார். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் குடத்தோடு டேங்க் குழாயில் போய் நின்றேன். எதிர்வீட்டு இருசம்மாள், "இன்னா மணிமொழி, புதுசா மாடு வாங்கிக்கினியா?" என்று கிண்டலடித்தாள்.

"இத்தினி நாளும் நம்ம மாடுங்கதான் குடுத்து வச்சதுங்கக்கா. இனிமே என் புள்ளைங்க குடிக்கட்டும்."

இருசம்மாள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் உண்டு.

வீட்டில் குடத்தை இறக்கியதும் இலக்கியாவுக்கு ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. குடத்திலேயே திரும்ப ஊற்றிவிட்டாள்.

"தம்பிக்கு வெச்சிடும்மா. எனக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.